ஸ்பாஞ்ச் ஃபில்டர்: ஏஞ்சல் மீன் வளர்ப்பவனின் மதிப்பீடு

மீன்தொட்டிக்கு என்று விற்கும் சாமான்களிலேயே பார்க்க லட்சணம் இல்லாதது ஸ்பாஞ்ச் ஃபில்டர்தான். ஒரு கறுப்புப் பஞ்சு உருளை, நடுவில் பிளாஸ்டிக் குழாய், அடியில் ஒரு தட்டு, காற்று டியூபைச் சொருக ஒரு துளை. என் தங்கச்சி முதல் தடவை பார்த்தபோது, "பாத்திரம் தேய்க்கிற பஞ்சை எதுக்கு அண்ணா தொட்டிக்குள்ள போட்டு வச்சிருக்கே?" என்று கேட்டாள். நியாயமான கேள்விதான். ஆனாலும் ஏஞ்சல் மீன் என்று வந்தால், மோட்டார் வைத்த ஃபில்டர்களை எல்லாம் தள்ளி வைத்துவிட்டு நான் இதைத்தான் எடுப்பேன். எந்த வகையை வாங்கலாம், எதைத் தொடாமல் இருக்கலாம், எங்கே இது காலை வாரிவிடும் என்று கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் இது வேலை செய்யும் விதம். ஏர் பம்ப்பிலிருந்து வரும் காற்று குழாயின் அடியில் குமிழியாகக் கிளம்புகிறது. குமிழி கலந்த தண்ணீர் சுற்றியுள்ள தண்ணீரைவிட லேசானது என்பதால் குழாய்க்குள் மேலே ஏறிவிடும். அந்த இடத்தை நிரப்ப, தொட்டித் தண்ணீர் பஞ்சு வழியாக உள்ளே வரும். தண்ணீருக்குள் சுழலும் பாகமே கிடையாது, அதனால் உள்ளே கெட்டுப்போகவும் எதுவும் இல்லை. குமிழி எவ்வளவு ஆழத்தில் கிளம்புகிறதோ அந்த அளவுக்கு இழுப்பு கூடும். ஏஞ்சலுக்கு எப்படியும் உயரமான தொட்டிதான் வேண்டும். வளர்ந்த மீன் மேல்துடுப்பின் நுனியிலிருந்து கீழ்த்துடுப்பின் நுனிவரை 20 செ.மீ. தாண்டிவிடும் என்பதால் 45 செ.மீ. உயரத்துக்குக் குறைந்த தொட்டி சரிப்படாது. அந்த உயரம் ஃபில்டருக்கும் லாபம். தொல்லை என்னவென்றால், பெட்டிக்குள் வரும் குழாய் பெரும்பாலும் குட்டையாக இருக்கிறது. பாதி உயரத்திலேயே தண்ணீரைக் கக்கிவிட்டால் இழுப்பும் குறைவு, மேல்மட்டத் தண்ணீரும் சரியாகக் கலங்காது. ஒன்றோடு ஒன்று சொருகி நீட்டிக்கொள்ளும் துண்டுக் குழாய்கள் வருகிற மாடலாகப் பார்த்து வாங்குங்கள்.

ஏஞ்சலுக்கு ஏன் இது என்றால், மீனின் உடம்பைப் பார்த்தாலே புரியும். தட்டையாக, உயரமாக, ஓர் இலையை நிமிர்த்தி வைத்தது போன்ற உடம்பு. அமேசான் படுகையில் இவை இருப்பதே வேகம் குறைந்த தண்ணீரில்தான்: மூழ்கிய வேர்கள், சாய்ந்த கிளைகள், செடிகள் இவற்றின் நடுவில். இந்த உடம்பை வைத்துக்கொண்டு வேகமான நீரோட்டத்தில் நிற்பது பெரும் பாடு. தொட்டியின் பின்னால் தொங்கவிடும் பவர் ஃபில்டர் ஓடும்போது நெஞ்சுக்குக் கீழே தொங்கும் அந்த இரண்டு நீண்ட இழைகளைப் பாருங்கள். நிம்மதியாக இருக்கும் ஏஞ்சலுக்கு அவை கீழ்நோக்கித் தொங்கும். ஓட்டம் பலமாக இருந்தால் அவை பின்னால் ஒதுங்கி வயிற்றோடு ஒட்டிக்கொள்ளும். மீன் ஹீட்டருக்குப் பின்னாலோ பெரிய செடிக்குப் பின்னாலோ போய் நின்றுவிடும். சாப்பாடு போட்டால் மட்டும் வெளியே வரும். ஃபில்டரை மாற்றியதும் அதே மீன் தொட்டியின் நடுவில் வந்து சாவகாசமாகத் திரிவதை நீங்களே பார்க்கலாம்.

அடுத்தது பாக்டீரியா. மீன் வெளியேற்றும் அம்மோனியாவை ஒரு கூட்டம் நைட்ரைட்டாக மாற்றுகிறது. அதை இன்னொரு கூட்டம் நைட்ரேட்டாக மாற்றுகிறது. முதல் இரண்டும் விஷம். மூன்றாவது அவ்வளவு மோசமில்லை, தண்ணீர் மாற்றும்போது போய்விடும். இந்தக் கூட்டங்களுக்குத் தேவை ஒட்டிக்கொள்ள நிறைய இடமும் நிறைய ஆக்சிஜனும். பஞ்சின் உள்ளே இருக்கும் துளைச் சுவர்களை எல்லாம் விரித்தால் கிடைக்கும் பரப்பு கொஞ்சநஞ்சம் அல்ல. காற்றில் ஓடும் ஃபில்டர் என்பதால் ஆக்சிஜனுக்கும் குறைவில்லை. (பாட்டிலில் வரும் பாக்டீரியா திரவங்களில் இன்றும் சிலவற்றில் 'நைட்ரோபேக்டர்' என்று அச்சிட்டிருப்பார்கள். நன்னீர்த் தொட்டிகளில் நைட்ரைட்டைத் தின்பது முக்கியமாக நைட்ரோஸ்பைரா வகைதான் என்று 1998இலேயே ஆய்வு வந்தாயிற்று. லேபிள் எழுதுபவர்களுக்கு இன்னும் செய்தி போகவில்லை போல.)

சரி, வகைகளுக்கு வருவோம். நான் பயன்படுத்திப் பார்த்ததில் மூன்று முக்கியம்.

கண்ணாடியில் ரப்பர் கப் வைத்து ஒட்டும் இரட்டைப் பஞ்சு மாடல்தான் அதிகம் விற்கிறது. இரண்டு பஞ்சு இருப்பது உண்மையிலேயே நல்ல யோசனை. ஒன்றைக் கழுவும்போது மற்றதில் பாக்டீரியா அப்படியே இருக்கும். ஆனால் அந்த ரப்பர் கப்புகள் சில மாதங்களில் விறைத்துப்போகின்றன. ஏஞ்சல் தொட்டியின் சூடான தண்ணீரில் இன்னும் சீக்கிரம். ஒரு நாள் காலையில் பார்த்தால் ஃபில்டர் பிய்த்துக்கொண்டு மிதந்து, மீன்கள் எல்லாம் எதிர் மூலையில் ஒடுங்கிக் கிடக்கும். பஞ்சுக்குப் பத்துக்கு எட்டு கொடுக்கலாம், கப்புக்கு இரண்டுதான்.

வட்டமான கனத்த அடித்தட்டோடு தரையில் உட்காரும் ஒற்றைப் பஞ்சு மாடல்தான் என் தேர்வு. மூலையில் வைத்தால் நகராது, கண்ணாடியோடு ஒட்ட வேண்டிய அவசியமே இல்லை. வாங்கும்போது அடித்தட்டைக் கையில் தூக்கிப் பாருங்கள். வெறும் பிளாஸ்டிக்காக இருந்தால் வேண்டாம். உள்ளே கல்லோ வேறு எடையோ வைத்து மூடியதாக இருக்க வேண்டும். புதுப் பஞ்சு முதலில் மிதக்கத்தான் செய்யும். ஒரு வாளித் தண்ணீரில் அழுத்திப் பிழிந்து பிழிந்து உள்ளே இருக்கும் காற்றை வெளியேற்றியபின் போட்டால் கீழே நிற்கும்.

பஞ்சுக்குக் கீழே பீங்கான் உருண்டைகள் போட ஒரு சின்ன அறை வைத்த மாடலும் உண்டு. பெட்டியில் அதற்குத்தான் பெரிய எழுத்தில் விளம்பரம். என் பார்வையில் தேவையில்லாத அலங்காரம். அந்த அறைக்குள் அழுக்கு போய்ச் சேர்ந்தால் கழுவுவதற்கு மொத்தத்தையும் கழற்ற வேண்டும்.

எந்த மாடலானாலும் பஞ்சின் துளை அளவைப் பாருங்கள். ஓர் அங்குலத்துக்கு 20 அல்லது 30 துளை என்று போட்டிருந்தால் துளை பெரியது, சீக்கிரம் அடைக்காது. வளர்ந்த மீன்கள் இருக்கும் தொட்டிக்கு அதுதான் சரி. மிக நுண்ணிய துளையுள்ள பஞ்சு முதல் வாரம் தண்ணீரைப் பளிங்காகக் காட்டும். அப்புறம் அடைத்துக்கொண்டு குமிழி மட்டும் வரும், தண்ணீர் வராது. பெட்டியில் "இத்தனை லிட்டர் தொட்டிக்கு" என்று போட்டிருக்கும் கணக்கை ரொம்ப நம்ப வேண்டாம். அது நீங்கள் மாட்டும் பம்ப்பையும் தொட்டியின் ஆழத்தையும் பொறுத்தது. ஒரு படி பெரியதாகவே எடுங்கள்.

எந்தப் பெட்டியிலும் போடாத ஒரு வசதி இதில் உண்டு. ஏஞ்சல் மீன்கள் செங்குத்தான பரப்பில்தான் முட்டையிட விரும்பும். அகலமான செடி இலை, சாய்த்து வைத்த பலகைக்கல், ஹீட்டர், எது வாகாக இருக்கிறதோ அது. ஸ்பாஞ்ச் ஃபில்டரின் குழாய் அவற்றுக்கு ரொம்பப் பிடித்துப்போகிறது. முட்டையிடப் போகும் ஜோடி முதலில் அந்தக் குழாயை வாயால் கொத்திக் கொத்திச் சுத்தம் செய்யும். பக்கத்தில் வரும் மற்ற மீன்களை எல்லாம் விரட்டும். அப்புறம் பெண் குழாயை ஒட்டியபடி கீழிருந்து மேலே மெதுவாக ஊர்ந்து ஒரு வரிசை முட்டையை ஒட்டவைக்கும். அது விலகியதும் ஆண் அதே தடத்தில் ஊர்ந்து போகும். மறுபடி பெண், மறுபடி ஆண். குழாய் முழுக்கச் சின்னச் சின்ன மஞ்சள் புள்ளிகள் வரிசை வரிசையாக நிரம்பும். ஓட்டம் மென்மையாக இருப்பதால் முட்டை பிய்ந்து போவதில்லை. தேவையான ஆக்சிஜனும் பக்கத்திலேயே கிடைக்கிறது.

ஏஞ்சலில் ஆண், பெண் பிரித்துப் பார்ப்பது எவ்வளவு தலைவலி என்று வளர்ப்பவர்களுக்குத் தெரியும். நெற்றி மேடு, உடம்பு வாகு, துடுப்பு நீளம் என்று ஆளுக்கொரு ஜோசியம் சொல்வார்கள். எதையும் நம்ப முடியாது. நம்பக்கூடிய அடையாளம் முட்டையிடும் நேரத்தில் வயிற்றுக்குக் கீழே வெளிவரும் குழல்தான். பெண்ணுக்கு அது தடிமனாக, நுனி மழுங்கலாக இருக்கும். ஆணுக்கு மெல்லியதாக, கூர்மையாக, கொஞ்சம் முன்பக்கம் சாய்ந்து இருக்கும். மீன் ஃபில்டர் குழாயை ஒட்டி ஊரும்போது பக்கவாட்டில் இதைத் தெளிவாகப் பார்க்கலாம். இரண்டு பெண் மீன்கள் ஜோடி சேர்ந்து, சண்டை இல்லாமல், முட்டையும் இட்டு, காவலும் காப்பது ஏஞ்சலில் சகஜம். அந்த முட்டைகள் எல்லாமே இரண்டாவது நாளுக்குள் வெள்ளையாகிவிடும். கருவுற்றவை கண்ணாடிபோல் தெளிவாக இருந்து, 27, 28 டிகிரியில் இரண்டு மூன்று நாட்களில் பொரிக்கும். குஞ்சுகள் நீந்தத் தொடங்க மேலும் ஐந்து நாள் ஆகும். அதுவரை வால் துடிதுடிக்க ஒட்டிக்கொண்டிருக்கும். கீழே விழுவதைப் பெற்றோர் வாயில் கவ்வி மறுபடி ஒட்டவைக்கும்.

அடையாளம் பற்றிப் பேச்சு வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். ஏஞ்சலில் மூன்று இனங்கள் உண்டு. கடைகளில் பொதுவாகக் கிடைப்பது ஸ்கேலரே. 'ஆல்டம்' என்ற இன்னொரு இனத்தின் பெயரை எழுதி விற்கப்படும் மீன்களில் பல சாதாரண ஸ்கேலரேதான், துடுப்பு மட்டும் கொஞ்சம் நீளம். நிஜ ஆல்டமின் முகத்தைப் பக்கவாட்டில் பார்த்தால் மூக்குக்கு மேலே ஒரு பள்ளம் நன்றாகத் தெரியும், அங்கிருந்து நெற்றி செங்குத்தாக ஏறும். அது ஒரினோகோ ஆற்றுப் படுகையிலிருந்தும் மேல் ரியோ நெக்ரோவிலிருந்தும் வருவது. மிக மென்மையான, அமிலத் தன்மையுள்ள தண்ணீர் கேட்கும். மூன்றாவது இனமான லியோபோல்டி அபூர்வம். நெற்றி நேராக இருக்கும், மேல்துடுப்பின் அடியில் ஒரு கறுப்புத் திட்டு இருக்கும். மார்பிள், கோய், பிளாக் லேஸ், ஜீப்ரா, கோல்டு என்று கடையில் பார்ப்பவை எல்லாம் ஸ்கேலரேயை வளர்த்து வளர்த்து எடுத்த நிறங்கள்தான், தனி இனங்கள் அல்ல. இவை எல்லாவற்றுக்கும் இதே ஃபில்டர் போதும்.

குஞ்சுத் தொட்டியில் இதற்குப் போட்டியே கிடையாது. மோட்டார் ஃபில்டர் வைத்தால், நீந்தத் தொடங்கிய குஞ்சு மொத்தமும் உள்ளே போய்விடும். பஞ்சில் அந்தப் பயம் இல்லை. தீனியாகப் போடும் ஆர்ட்டீமியா என்ற பொடி உப்புநீர் இறால் குஞ்சுகளில் கொஞ்சம் பஞ்சில் போய் ஒட்டும். ஏஞ்சல் குஞ்சுகள் அதைச் சுற்றி நின்று பொறுக்கித் தின்னும். இறால், நத்தை வளர்ப்பவர்களும் இதே காரணத்துக்காகத்தான் இதை விரும்புகிறார்கள். முட்டைத் தொட்டியில் பூஞ்சைக்காக மெத்திலீன் ப்ளூ ஊற்றும் பழக்கம் உள்ளவர்கள் மட்டும் பழகிய (பாக்டீரியா வளர்ந்து நிலைத்த) பஞ்சை முதலிலேயே வெளியே எடுத்துவிட வேண்டும், அந்த மருந்து நல்ல பாக்டீரியாவையும் பதம் பார்க்கும். மருந்து இருக்கும்வரை வெறும் ஏர் ஸ்டோன் (காற்றைப் பொடிக் குமிழியாக்கும் துளைக்கல்) போதும்.

கழுவுவதில்தான் பலர் சொதப்புகிறார்கள். பஞ்சைக் குழாய்த் தண்ணீரில் காட்டினால் அதிலுள்ள குளோரின் அத்தனை நாள் வளர்ந்ததைக் கொன்றுவிடும். சோப்பு பற்றிப் பேசவே வேண்டாம். தண்ணீர் மாற்றும் நாளில் தொட்டியிலிருந்து எடுத்த பழைய தண்ணீரை ஒரு வாளியில் வைத்துக்கொண்டு அதில் பிழியுங்கள். காப்பி நிறத்தில் ஒழுகும். பஞ்சு பளிச்சென்று ஆகும்வரை பிழியாதீர்கள், தண்ணீர் தடையில்லாமல் போனால் போதும். தொட்டியிலிருந்து தூக்கும்போது அதிலிருக்கும் அழுக்கு புகைபோலக் கிளம்பித் தொட்டி முழுக்கப் பரவும். அதற்கு ஒரு வழி உண்டு: பம்ப்பை நிறுத்திவிட்டு, ஒரு பிளாஸ்டிக் பையைத் தண்ணீருக்குள் இறக்கிப் பஞ்சை அதற்குள் நுழைத்து, பையோடு சேர்த்துத் தூக்குங்கள். எப்போது கழுவுவது என்பதற்குக் காலண்டர் வேண்டாம். குழாயின் வாயில் தண்ணீர் தளும்புவது குறைந்தால் நேரம் வந்துவிட்டது என்று அர்த்தம்.

சத்தம் இதன் பெரிய குறை. தண்ணீர் சலசலப்பு பரவாயில்லை. குழாய்க்குள் பெரிய பெரிய குமிழிகள் 'பொளக் பொளக்' என்று வெடிப்பதுதான் ராத்திரியில் தூக்கத்தைக் கெடுக்கும். குழாயின் அடியில் ஒரு சின்ன ஏர் ஸ்டோனைச் சொருகிவிட்டால் குமிழி பொடியாகி, சத்தம் பாதிக்குமேல் அடங்கிவிடும், இழுப்பும் கூடும். பல மாடல்களில் அதற்கு இடம் இருக்கிறது. ஆனால் கல்லைத் தனியாகத்தான் வாங்க வேண்டும், அதைப் பெட்டியிலேயே போட்டுத் தர என்ன கஷ்டமோ. மிச்சச் சத்தம் பம்ப்பின் அதிர்வு. பலகை மேல் வைக்காமல் தடித்த ரப்பர் துண்டின் மேல் வைத்தால் குறையும். பம்ப் தண்ணீர் மட்டத்துக்குக் கீழே இருந்தால் டியூபில் செக் வால்வு (தண்ணீர் திரும்பி வராமல் தடுக்கும் ஒருவழி அடைப்பான்) கட்டாயம். கரண்ட் போனதும் தண்ணீர் டியூப் வழியாகத் திரும்பி இறங்கி, பம்ப்பையும் நனைத்துத் தரையையும் நனைத்துவிடும்.

கரண்ட் போவதில் இதற்கு ஒரு சாதகமும் உண்டு. மூடிய கேனிஸ்டர் ஃபில்டர் நின்றுவிட்டால் உள்ளே தேங்கிய தண்ணீரில் ஆக்சிஜன் தீர்ந்து பாக்டீரியா சாகத் தொடங்கும். சில மணி நேரம் கழித்து அது திரும்ப ஓடும்போது அந்த நாற்றத் தண்ணீர் அப்படியே தொட்டிக்குள் வரும். பஞ்சு தொட்டித் தண்ணீருக்குள்ளேயே திறந்து கிடப்பதால் அதற்கு ஆபத்து குறைவு. பேட்டரியில் ஓடும் சின்ன ஏர் பம்ப் ஒன்று இருந்தால் கவலையே இல்லை.

இது ஒத்துவராத இடங்களும் இருக்கின்றன. தண்ணீர் கண்ணாடியைப்போல் மின்ன வேண்டும், படம் எடுக்க வேண்டும் என்பவர்களுக்கு ஏமாற்றம்தான். மிதக்கும் பொடித் தூசியை இது முழுக்கப் பிடிக்காது, கார்பன் போடவும் இடம் கிடையாது. கரியமில வாயு செலுத்திச் செடி வளர்ப்பவர்கள் பக்கமே வர வேண்டாம், குமிழி அத்தனையையும் வெளியேற்றிவிடும். பெரிய கோல்டு ஃபிஷ் போன்ற அழுக்கு மன்னர்களுக்கு இது ஒன்று மட்டும் போதாது. மூடி இல்லாத தொட்டியில் குமிழி வெடித்துச் சுற்றிலும் தெறிக்கும். இடத்தையும் அடைக்கும், சின்னத் தொட்டியில் ஒரு மூலையையே எடுத்துக்கொள்ளும்.

ஏஞ்சலுக்கு என்று ஒன்றே ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் கனத்த அடித்தட்டு மாடலை எடுங்கள். இரண்டு வாங்க முடிந்தால் இரண்டையும் ஒரே தொட்டியில் எதிரெதிர் மூலையில் ஓடவிடுங்கள். நாளைக்கே குஞ்சுத் தொட்டியோ, புது மீனைத் தனியாக வைத்துப் பார்க்க ஒரு தொட்டியோ தேவைப்பட்டால், பழகிய பஞ்சில் ஒன்றைத் தூக்கி அங்கே வைத்தால் போதும், வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டியதில்லை. மீன்களுக்கு நோய் வந்த தொட்டியின் பஞ்சை மட்டும் வேறு எங்கும் கொண்டுபோகாதீர்கள். அதைக் குப்பையில் போட்டுவிட்டுப் புதுப் பஞ்சு மாட்டுவதே நல்லது. பஞ்சு தனியாகவும் கிடைக்கிறது, வாங்கும்போது குழாயின் விட்டத்தை அளந்துகொண்டு போங்கள், எல்லா மாடலுக்கும் ஒரே அளவு கிடையாது.